மைக்ராஸ்கோப்புக்கு இந்தப் பக்கம்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு அங்கிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு அது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க இப்போது மெஷின் வந்துவிட்டதாம். அதனால் பழைய முறையில் வேலை பார்த்தவர்களிடம் அனுபவங்களை எழுதி வாங்குகிறார்களாம். சரி என்றேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் அந்தப் பெண் சொன்னாள்: "ஸ்டெல்லா சிஸ்டரைப் பத்தி நிறைய எழுதுங்க சார்."

எழுதுகிறேன். ஆனால் பொறாமையோடுதான் எழுதுவேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் லேப் டெக்னீஷியன் படித்து, சென்னையில் ஒரு வருஷம் செல் பரிசோதனையில் பயிற்சி எடுத்து, திருச்சியில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெண்களின் கர்ப்பப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதுதான் வேலை. இதை வீட்டில் சொல்ல முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் "ரத்தம் டெஸ்ட் பண்றான்" என்று அம்மா சொன்னாள். கல்யாணமாகி வெகுநாள் வரை என் மனைவியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பிரிட்டில் முங்கிய கண்ணாடி ஸ்லைடுகள் வரும். அவற்றைச் சாயத்தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுத்து, கழுவி, மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டிக் காய வைப்போம். பிறகு பார்க்க வேண்டும். மேலிருந்து கீழே வந்து, இம்மி நகர்ந்து, மறுபடி கீழிருந்து மேலே போக வேண்டும். ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகாவிட்டால் நடுவில் ஓர் இடம் விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தில்தான் அது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

நல்ல செல் அகலமாக, காகிதம் போல மெலிதாக இருக்கும். நடுவில் கரு சின்னப் புள்ளியாகத் தெரியும். கெடத் தொடங்கிய செல்லில் முதலில் கரு பருக்கும். அடுத்த கட்டத்தில் கரு இன்னும் பெரிதாகும், நிறம் அடர்த்தியாகும். அதற்கும் அடுத்த கட்டத்தில் செல் முழுவதையும் கருவே அடைத்துக்கொண்டு, ஓரமெல்லாம் கோணல்மாணலாக நிற்கும். இவ்வளவு ஆனாலும் அது இன்னும் புற்றுநோய் அல்ல. தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே இறங்கினால்தான் புற்றுநோய். முதல் கட்டத்திலிருந்து அதுவரை போய்ச்சேரப் பல வருஷம் ஆகும். முதல் கட்டத்தில் இருப்பதில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். எது திரும்பும், எது தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததை மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

எங்கள் தலைமை டாக்டர் பத்மாசனி அம்மா ஸ்ரீரங்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். "தப்பு" என்ற வார்த்தையையும் சொல்ல மாட்டார். நான் எழுதியதில் அவருக்கு உடன்பாடு இல்லையென்றால் ஸ்லைடை என் மேஜையில் வைத்துவிட்டு, "இன்னொரு தரம் பாருங்கோளேன்" என்பார். அன்றைக்குத் தூக்கம் போய்விடும். சில நாட்களில் பழைய ஸ்லைடுகளுக்குப் புது நம்பர் ஒட்டி அன்றைய ஸ்லைடுகளோடு கலந்து வைப்பார். பழையது என்று தெரியாமல் நாங்கள் பார்ப்போம். பழைய முடிவும் புதிய முடிவும் ஒத்துப்போகிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார். ஒத்துப்போனால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் பாராட்டு என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா சிஸ்டர் நான் சேர்ந்த அதே மாதம் சேர்ந்த நர்ஸ். மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்குப் பரிசோதனை முகாம் போடுவது என்று டாக்டர் அம்மா முடிவெடுத்தபோது வேனில் ஸ்டெல்லாவைத்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் ஆண்பிள்ளை. எனக்கு அங்கே வேலை இல்லை. சாயங்காலம் வேன் திரும்பும்போது இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குவார்கள். டாக்டர் அம்மா சிரித்து லேபில் நான் பார்த்ததே இல்லை. ஸ்டெல்லா என் மேஜையில் ஸ்லைடு பெட்டியை வைப்பார், கூடவே ஒரு முறுக்குப் பொட்டலத்தையும். "அந்த ஊர்ப் பொம்பளைங்க குடுத்தாங்க சார், எடுத்துக்கங்க" என்பார். எடுத்துக்கொள்வேன். தின்னும்போது, இது எனக்குக் கொடுத்தது இல்லையே என்றுதான் தோன்றும். அவர்கள் எல்லாருடைய உடம்பையும் அணுவணுவாகப் பார்ப்பவன் நான். அவர்களுக்கு ஸ்டெல்லாவின் பேர் தெரியும், ஊர் தெரியும், கல்யாணமாகாததும் தெரியும்.

முகாம் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் ஒரு வம்பு வந்தது. அந்தக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது. வேன் வந்த பிறகுதான் ஊருக்குள் கேன்சரே வந்தது என்று பேச்சுக் கிளம்பியது. அறக்கட்டளைக் கமிட்டியில் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு முகாமை நிறுத்தச் சொன்னார். டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, கண்டுபிடித்ததையெல்லாம் கட்டம் கட்டமாகவும் வயது வாரியாகவும் பிரித்து ஒரு கோட்டுப்படம் போடச் சொன்னார். ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டவர்களின் கோடு மேலே ஏறியது. முற்றிய நிலையில் வந்தவர்களின் கோடு அப்படியே கிடந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு செல் ஒரே நாளில் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை என்று தொடங்கினார். அதற்குள் ஒரு கோளாறு நேர வேண்டும். கோளாறான அதே செல்லின் வம்சத்தில் இன்னொரு கோளாறு, அதற்குமேல் இன்னொன்று. ஒவ்வொன்றும் அபூர்வம். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர வருஷக்கணக்காகும். அதனால்தான் வாலிபத்தில் இது குறைவு, வயதாக ஆக அதிகம். ஒரு ஊரில் ஜனங்கள் முன்பைவிட அதிக காலம் வாழ்ந்தாலே புற்றுநோய்க் கணக்கு ஏறும், அதற்காக ஊர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும் என்றார். கடைசியாக என் படத்தின் மேல்கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இது புதுசா வந்த நோய் இல்லை. ஏற்கெனவே இருந்தது நம்ம கண்ல படறது. இப்ப இதை எடுத்துட்டா, பின்னாடி அந்தக் கீழ்க்கோடு இறங்கும். நீங்க அதுவரைக்கும் பொறுத்துக்கணும்."

யாரோ ஸ்டெல்லாவைப் பேசச் சொன்னார்கள். ஸ்டெல்லா எழுந்து, முகாமுக்கு வந்த ஒரு பாட்டி முதல் நாள் ஓடிப்போனதையும் மறுநாள் மருமகள்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்ததையும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். முகாமைத் தொடரலாம் என்று முடிவாயிற்று. படம் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அழகம்மாளின் ஸ்லைடு வந்தது அதற்குப் பிறகுதான். பேரை மாற்றியிருக்கிறேன். மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கிற பெண், நாற்பது ஆகவில்லை. ஸ்லைடு மோசமாக இருந்தது. ரத்தமும் சீழ்ச் செல்களும் எல்லாவற்றையும் மூடியிருந்தன. ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டு, கிருமித் தொற்று என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தேன். விளிம்பு ஓரத்தில், சீழ்ச் செல்களுக்குக் கீழே, சின்னதாக ஒரு கொத்து. கரு செல்லை முழுவதும் அடைத்திருந்தது. பக்கத்தில் மைப்புள்ளி வைத்துவிட்டு டாக்டர் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கடைசிக் கட்டம். இன்னும் தாண்டலைன்னு நினைக்கறேன். உடனே வரச் சொல்லணும்" என்றார்.

ஸ்டெல்லா அப்போது தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போயிருந்தார். நான் போகிறேன் என்றேன். டாக்டர் அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார். பஸ்ஸில் போகும்போது எனக்கு இருந்த உற்சாகத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஸ்டெல்லா இல்லாத நேரத்தில் இப்படி ஒரு கேஸ் என் கைக்கு வந்துவிட்டது.

அழகம்மாளின் கணவர் மாட்டுத் தரகர். அன்று சந்தை நாள். விசாரித்துக்கொண்டு மணப்பாறைச் சந்தையிலேயே அவரைப் பிடித்தேன். ஓரமாக ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். செல் எப்படிக் கெடுகிறது, இப்போது எந்தக் கட்டம், அடுத்தது என்ன என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முட்டாள் அல்ல.

"அப்ப இன்னும் நோவு வரல?"

"இன்னும் வரலைங்க. ஆனா வந்துடும்."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாதுங்க. சில வருஷம் ஆகலாம்."

"தானா சரியாப் போறதும் உண்டா?"

உண்டு என்றேன். இந்தக் கட்டத்தில் அது அபூர்வம் என்றும் சொன்னேன். பின்னால் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"வராத நோவுக்கு எதுக்குங்க வெட்டணும்?" என்று எழுந்துகொண்டார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. திரும்பி வந்து டாக்டர் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறு வாரம் ஸ்டெல்லா வந்தார். மணப்பாறைக்குப் போனவர் சாயங்காலம் அழகம்மாளோடு வந்து இறங்கினார். கூடவே அந்தத் தரகரும் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எப்படி முடிந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஸ்டெல்லா ரொம்ப இயல்பாகச் சொன்னார். நேரே அடுப்படிக்குப் போனாராம், அழகம்மாள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாளாம், பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாராம்.

"அந்தம்மாவுக்கு எதுவுமே தெரியாது சார். 'அவர் எங்க வீட்டுக்காரர்கிட்டதான பேசிட்டுப் போனாரு, என்கிட்ட யாரும் கேக்கலையே'ன்னாங்க."

குத்திக்காட்டுவதற்காக ஸ்டெல்லா சொல்லவில்லை. அவருக்கு அந்தக் குணமே கிடையாது. எனக்கு ஆத்திரம் வந்தது. முன்பின் தெரியாத ஆம்பளை ஒருத்தன் அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து, உங்கள் கர்ப்பப்பை வாயில் என்று பேச்சைத் தொடங்க முடியுமா? ஸ்டெல்லாவால் முடிந்தது திறமையா, அல்லது பெண்ணாகப் பிறந்ததா என்று இன்றுவரை எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கெட்ட பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். அந்தத் தசை லேபுக்கு வந்தது. மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றினோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் ஒன்று டாக்டர் அம்மாவின் அறையில் உண்டு. அதன் மறுபக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாம் டாக்டர்கள். அவர் மெதுவாக நகர்த்தினார். கெட்ட செல்கள் தோலின் முழு உயரத்துக்கும் நிறைந்திருந்தன. கீழே அந்தச் சவ்வு வந்தது. ஓரிடத்தில் புடைத்திருந்தது. அவர் அங்கேயே நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தார். சவ்வு அறுபடவில்லை. வெட்டிய ஓரங்களும் சுத்தமாக இருந்தன.

"பொழைச்சா" என்றார் டாக்டர் அம்மா. அவள் பிழைத்தது அவளுக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே வந்தபோது ஸ்டெல்லா படியில் நின்றிருந்தார். விஷயத்தை வாங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினார். அழகம்மாள் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம்.

அழகம்மாளின் ஓரகத்தி ஒருத்தி இருந்தாள். ஸ்டெல்லா எத்தனையோ முறை கூப்பிட்டும் முகாமுக்கு வரவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து, ரத்தப்போக்கு நிற்காமல் வந்தாள். அவளுடைய ஸ்லைடில் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முகாமுக்கு வந்திருந்தால் அவள் என் மேல்கோட்டில் ஒரு புள்ளியாக இருந்திருப்பாள். கீழ்க்கோட்டில் சேர்ந்தாள். அந்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். ஸ்டெல்லா இழவுக்குப் போய்வந்து, லேபின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதும், இதை எழுத எனக்குத் தயக்கமில்லை, அந்த அழுகையின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. செத்துப்போனவளின் செல்களை நானும்தான் பார்த்திருந்தேன். எனக்கு அவளுடைய முகம் தெரியாது. யாரை நினைத்து அழுவது?

வருஷங்கள் போயின. டாக்டர் அம்மா சொன்னபடியே கீழ்க்கோடு இறங்கியது. ஒரேயடியாக இல்லை, மிக நிதானமாக. வேன் போன கிராமங்களிலிருந்து முற்றிய நிலையில் வருகிற பெண்கள் குறைந்தார்கள். வேன் போகாத ஊர்களிலிருந்து முன்போலவே வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் அம்மாவின் பிரிவுபசார விழாவில் ஸ்டெல்லாவைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். என்னைப் பற்றி ஒரே வாக்கியம்: "சுந்தரம் பட்டைக்கு நடுவுல இடம் விட்டதே இல்லை." லேபில் இருந்த சிலரைத் தவிர யாருக்கும் அது புரியவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தட்டிய கைகள் எனக்குத் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் சொன்னேன். நல்ல வார்த்தைதானே, ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

நானும் ஓய்வுபெற்றேன், ஸ்டெல்லாவும் ஓய்வுபெற்றார். நான் ஸ்ரீரங்கத்தில், அவர் திருவானைக்காவலில். போன மாதம் ஸ்டெல்லா போன் செய்தார். அழகம்மாளின் மருமகள் கவிதாவுக்கு மெஷின் பரிசோதனையில், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் இருப்பதாக வந்திருக்கிறது. பயந்துபோய் மேல்பரிசோதனைக்கு வர மாட்டேன் என்கிறாள். ஸ்டெல்லா நேரில் போய்ப் பேசியும் பலனில்லை.

"அந்தப் பொண்ணு பி.எஸ்ஸி. படிச்சிருக்கு சார். ஏன், எதுக்குன்னு கேள்வியா கேக்குது. எனக்குப் பதில் தெரியல. நீங்க பேசுங்களேன்."

பேசினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டாள். சந்தையில் சொன்னதையேதான் சொன்னேன். வைரஸ் இருந்தால் கேன்சர் என்று அர்த்தமில்லை, பெரும்பாலானவர்களுக்கு அது தானே போய்விடும், போகாதவர்களுக்குத்தான் செல் மாறத் தொடங்கும், அதற்கும் நமக்கு வருஷக்கணக்கில் அவகாசம் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் போதும் என்றேன். "அப்ப வரேன் சார்" என்றாள். போனை வைத்த கையோடு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, வருகிறாளாம் என்றேன். என் குரலில் இருந்த வெற்றியை ஸ்டெல்லா கவனித்திருப்பார்.

கவிதா வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். செல்லை எடுத்ததும் ஸ்லைடு லேபுக்குள் போயிற்று. என் கால்களும் பழக்கத்தில் கூடவே போயின. கதவருகில், "வெளில உக்காருங்க சார், சொல்லி அனுப்பறோம்" என்று ஒரு பையன் மரியாதையாகத் தடுத்தான். வெளியே பெஞ்சில், கவிதாவுக்கு ஒரு பக்கம் ஸ்டெல்லாவும் ஒரு பக்கம் நானும் உட்கார்ந்தோம். நான் பேசித் தெரிந்துகொண்ட முகம் ஒன்றின் செல்கள் முதல்முறையாக அந்தக் கதவுக்குள் இருந்தன. பார்க்க முடியவில்லை. சாயம் ஏறிக்கொண்டிருக்கும், காய்ந்துகொண்டிருக்கும், இப்போது முதல் பட்டை என்று மனசு உள்ளேயே ஓடியது. கவிதா தாலிச் சங்கிலியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா சும்மா அவளுடைய முதுகில் கையை வைத்திருந்தார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடைசியில் டாக்டர் நித்யா, எங்கள் டாக்டர் அம்மாவின் இடத்தில் இப்போது இருக்கிற சின்னப் பெண், தானே எழுந்து வெளியே வந்தாள். எங்கள் காலத்தில் லேபிலிருந்து யாரும் இப்படி வந்ததில்லை. கவிதாவுக்கு முன்னால் குனிந்து, லேசான மாற்றம்தான் இருக்கிறது, முதல் கட்டம், இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருஷம் வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றாள்.

"நீங்களே பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் கவிதா.

"நான்தாம்மா பாத்தேன். முழுசாப் பாத்தேன்."

கவிதா எழுந்து நித்யாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் நானும் ஸ்டெல்லாவும் மட்டும் மிச்சம். நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.